விண்கலத்தில் ஏறும் மின்சுமையும் அதைக் கணிக்கும் நிரல்களும்

மார்கழி, தை மாதங்களில் பெங்களூரில் காற்று உலர்ந்திருக்கும். அப்போது இருட்டறையில் கம்பளிச் சட்டையைக் கழற்றுவோர் சடசடவென்னும் ஓசையையும் சிறு நீலப் பொறிகளையும் கவனித்திருப்பர். உராய்வினால் துணியில் ஏறிய மின்சுமை காற்றின் வழியே பாய்ந்து நீங்குவதே இதன் காரணம். எஞ்சிய சுமை உடல் வழியே தரைக்கு ஒழுகிவிடுவதால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. ஆயின், தரையென்று ஒன்றே இல்லாத இடத்தில் ஒரு பொருள் தொங்கிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஏறும் சுமை எங்கே செல்லும்? இவ்வினா ஒரு காலத்தில் வகுப்பறையில் கேட்கப்படும் வினாவாக மட்டுமே இருந்தது. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள் நிலைபெறத் தொடங்கிய பின்னர் அது பொறியியல் வல்லுநர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் வினாவாயிற்று.

1969ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-5 என்ற அமெரிக்கச் செயற்கைக் கோளில் துகள்களின் ஆற்றலை அளக்கும் கருவியொன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் அளவீடுகளை ஆராய்ந்த ஷெர்மன் டிஃபாரஸ்ட் என்னும் விஞ்ஞானி, கோள் பூமியின் நிழலுக்குள் புகும் வேளைகளில் அதன் உடல் முழுவதும் எதிர் மின்னழுத்தம் அடைவதையும், அவ்வழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டை எட்டுவதையும் கண்டு 1972இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஜூன் 2ஆம் நாள், அமெரிக்க இராணுவத்தின் செய்தித் தொடர்புக் கோளொன்று பூமியின் காந்த மண்டலம் கொந்தளித்த வேளையில் செயலிழந்தது. மின்சுமை திடீரெனப் பாய்ந்து மின்வழங்கும் பகுதியைக் கெடுத்ததே காரணம் என்று ஆய்வாளர் முடிவு கட்டினர். அதன் பின்னரே இத்துறை தனித்துறையாக வளர்ந்தது.

விண்வெளி வெற்றிடம் என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. அங்கே எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த பிளாஸ்மா மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஓர் எலெக்ட்ரானும் ஓர் அயனியுமே உள்ளன. எண்ணிக்கை சிறிதாயினும் வேகம் பெரிது. காந்தக் கொந்தளிப்பின்போது இவ்வெலெக்ட்ரான்களின் ஆற்றல் 10,000 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு உயரும். புரோட்டான் எலெக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமானது. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பின் எலெக்ட்ரானின் வேகம் புரோட்டானின் வேகத்தைப் போல் அவ்வெண்ணின் வர்க்கமூல மடங்கு, அதாவது சுமார் 43 மடங்கு, இருக்கும். ஆகவே பிளாஸ்மாவில் வைக்கப்பட்ட எப்பொருளின்மீதும் ஒரு புரோட்டான் மோதும் நேரத்தில் 43 எலெக்ட்ரான்கள் மோதுகின்றன. பொருள் எதிர்மின் தன்மை அடைகிறது. அவ்வாறு அடைந்த பின் அது வரும் எலெக்ட்ரான்களை விலக்கவும் அயனிகளை ஈர்க்கவும் தொடங்குகிறது. வரவும் செலவும் சமமாகும் மின்னழுத்தத்தில் நின்றுவிடுகிறது.

வரவு செலவுக் கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பொருளின் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. இந்த ஒளி எலெக்ட்ரான்களின் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்குச் சில நானோ ஆம்பியர். கொந்தளிப்பின்போதுகூட வெளியிலிருந்து வரும் எலெக்ட்ரான்களின் மின்னோட்டம் அதே பரப்பிற்கு 0.1 முதல் 1 நானோ ஆம்பியர் அளவே. ஆகவே வெயில் படும் பக்கம் பெரும்பாலும் சில வோல்ட் நேர் அழுத்தத்திலேயே இருக்கும். நிழலிலுள்ள பக்கமே எதிர் அழுத்தம் அடையும். இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. வந்து மோதும் எலெக்ட்ரான் சில பொருள்களிலிருந்து வேறு எலெக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றுவதுண்டு. இவை இரண்டாம் நிலை எலெக்ட்ரான்கள் எனப்படும். விண்கலங்களைப் போர்த்தப் பயன்படும் பொன்னிறக் காப்டன் தாளில், 150 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் ஒன்று மோதினால் சுமார் இரண்டு வெளியேறும். மோதும் ஆற்றல் ஆயிரக்கணக்கில் உயர்ந்தால் இவ்விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். மின்னேற்றம் தொடங்குவது அப்போதுதான். சாதாரண நாட்களில் சாதுவாக இருக்கும் கோள், கொந்தளிப்பு நாளில் திடீரென ஆயிரம் வோல்ட்டுக்குத் தாவுவதன் இரகசியம் இதுவே.

கொந்தளிப்பில் பூமியின் இரவுப் பக்கத்தில் புகுத்தப்படும் எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப் புலத்தில் கிழக்கு நோக்கி நகர்வன. ஆகவே நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரையுள்ள பகுதியே கோள்களுக்கு ஆபத்தான பகுதி. இந்தியாவின் தொடர்புக் கோள்கள் இடம்பெறும் தீர்க்கரேகைகளுள் கிழக்கு 83 பாகையும் ஒன்று. இந்திய நேரமோ 82.5 பாகையை ஒட்டியது. எனவே அக்கோளுக்கு நள்ளிரவாகும்போது, ஹாசனிலுள்ள முதன்மைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இரவுப் பணியில் இருப்போர் கடிகாரமும் ஏறத்தாழ நள்ளிரவையே காட்டும். சம இரவு நாட்களை ஒட்டி, ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் 45 நாட்கள், கோள் இதே வேளையில் பூமியின் நிழலுக்குள்ளும் செல்கிறது. நிழல் நீடிக்கும் நேரம் மிகுந்த அளவில் சுமார் 70 நிமிடம். ஒளி எலெக்ட்ரான்களின் உதவி அப்போது முற்றிலும் அற்றுப்போகிறது.

கோள் முழுவதும் ஒரே அழுத்தத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் இறங்கினாலும் அதனால் மட்டும் பெருந்தீங்கு இல்லை. உயர் அழுத்தக் கம்பியின்மேல் அமர்ந்திருக்கும் காகத்திற்கு ஒன்றும் நேராததைப் போன்றது இது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் அழுத்தம் வேறுபடும்போதே பொறி பாய்கிறது. வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளத்தின் மின்தேக்குத் திறன் சுமார் 110 பிக்கோ ஃபாரட். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 நானோ ஆம்பியர் வீதம் அதன் பரப்பு முழுவதும் எலெக்ட்ரான்கள் விழுந்தால் மொத்த மின்னோட்டம் சுமார் 12.6 மைக்ரோ ஆம்பியர். இது 1,000 வோல்ட் அழுத்தத்தை அடைய ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரமே போதும். அதே கோளின்மேல் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள காப்டன் தாள் ஒட்டப்பட்டிருந்தால், தாளின் வெளிப்புறத்திற்கும் உள்ளேயிருக்கும் உலோகத்திற்கும் இடையே ஒரு மின்தேக்கி உண்டாகிறது. அதன் திறன் சதுர மீட்டருக்குச் சுமார் 0.3 மைக்ரோ ஃபாரட். அதே மின்னோட்டத்தில் இந்த இடைவெளி 1,000 வோல்ட் வேறுபாட்டை அடைய 300 வினாடி, அதாவது ஐந்து நிமிடம் ஆகும். உடல் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடுகிறது. காப்புப் பொருள்களின் மேற்பரப்புகள் தத்தம் தடிப்பிற்கும் தன்மைக்கும் ஏற்ப, நிமிடக் கணக்கில் ஒன்றோடொன்று விலகிச் செல்கின்றன. அவ்வளவில் ஒரு சதுர மீட்டர்த் தாளில் சேர்ந்துள்ள ஆற்றல் 0.15 ஜூல். விளக்கெரிக்க அது போதாது. மென்மையான மின்னணுச் சில்லொன்றைக் கெடுக்கத் தாராளமாகப் போதும். கெடுக்காவிட்டாலும், பொறியினால் எழும் மின்காந்தத் துடிப்பைக் கோளின் கருவிகள் கட்டளையென்று தவறாகக் கொள்வதுண்டு.

இவ்விஷயம் பெங்களூரின் சொந்தக் கவலையானது படிப்படியாகத்தான். 1975 ஏப்ரல் 19இல் ஏவப்பட்ட ஆரியபட்டா, பீன்யாத் தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவானது. தாழ்வான பாதையில் சுற்றிய அதற்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. 1981 ஜூன் 19இல் ஏவப்பட்ட ஆப்பிள் என்ற சோதனைக் கோள்தான் பெங்களூரில் கட்டப்பட்டு 36,000 கிலோமீட்டர் உயரத்தை அடைந்த முதற் கோள். (உலோகப் பரப்புகளின் இடையூறு இல்லாமல் அதன் வானலைக் கருவியைச் சோதிக்க மாட்டு வண்டியில் ஏற்றிய படம் உலகெங்கும் பரவியது; ஏழ்மையின் அடையாளமாக அதைப் பார்த்தவர் பலர், மரவண்டியின் விஞ்ஞானப் பயனை உணர்ந்தவர் சிலரே.) இன்சாட்-1 வரிசைக் கோள்கள் அமெரிக்காவில் கட்டப்பட்டவை, மின்னேற்றப் பாதுகாப்பும் அங்கேயே வகுக்கப்பட்டது. 1992 ஜூலை 10இல் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ முதற்கொண்டு அப்பொறுப்பு பெங்களூர் நிலையத்திற்கு வந்தது. 2018 முதல் யு. ஆர். ராவ் செயற்கைக் கோள் மையம் என்று பெயர் பெற்றுள்ள நிலையமே அது.

உயரமான பாதைக்கு மட்டுமே இக்கவலை என்றும் எண்ணிவிடலாகாது. 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ முதல் இந்தியத் தொலையுணர்வுக் கோள்கள் சுமார் 500 முதல் 900 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களின் அருகே செல்லும் பாதைகளில் சுற்றுபவை. ஒவ்வொரு சுற்றிலும் அவை துருவ ஒளி தோன்றும் வளையத்தைக் கடக்கின்றன. அங்கே ஆற்றல் மிக்க எலெக்ட்ரான்கள் மழைபோல் இறங்குகின்றன. ஜப்பானின் மிடோரி-2 என்ற கோள் இத்தகைய பாதையில்தான், 2003 அக்டோபரில், ஏவப்பட்டு ஓராண்டும் நிறையாமுன் மின்சக்தியை இழந்து மடிந்தது. வெப்பக் காப்புப் போர்வை கோளின் உடலோடு மின்னிணைப்பு இல்லாமல் இருந்ததும், அது மின்னேற்றம் பெற்றதும், சூரியப் பலகையிலிருந்து மின்சாரம் கொணரும் கம்பிக் கட்டில் அதனால் பொறி பாய்ந்ததும் காரணமாயிருக்கக் கூடும் என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு சிறு இணைப்புக் கம்பி இருந்திருந்தால் தப்பியிருக்கலாம்.

கோள் விண்ணுக்குச் சென்றபின் பழுது பார்க்க எவரும் செல்ல முடியாது. ஆகவே எப்பரப்பு எவ்வளவு அழுத்தம் அடையும் என்பதை வரைபட நிலையிலேயே கணித்தாக வேண்டும். மேலே காட்டிய கணக்கைப் போன்று ஒவ்வொரு பரப்பிற்கும் தனித்தனியே காகிதத்தில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். தொடக்கத்தில் அவ்வாறே செய்தனர். ஆயின் ஒரு பரப்பின் அழுத்தம் மற்றப் பரப்பின் வரவு செலவைப் பாதிக்கிறது. நிழற்பக்கம் பல ஆயிரம் வோல்ட் இறங்கும்போது அதன் மின்புலம் கோளைச் சுற்றி வளைந்து வெயிற்பக்கத்திற்கும் வருகிறது. அங்கே வெளியேறும் ஒளி எலெக்ட்ரான்களின் ஆற்றல் சில எலெக்ட்ரான் வோல்ட்டே. எதிரே சிறு தடுப்புச் சுவர்போல் நிற்கும் இம்மின்புலத்தைத் தாண்ட இயலாமல் அவை புறப்பட்ட இடத்திற்கே திரும்பி விழுகின்றன. ஒளி எலெக்ட்ரான்களின் செலவு நின்றுபோகவே, வெயிலில் நிற்கும் கோளும் எதிர் அழுத்தத்திற்கு இழுக்கப்படுகிறது. தனித்தனிக் கணக்கில் இது தென்படவே தென்படாது. கோளின் முழு வடிவத்தையும் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்துக் கணித்தால்தான் புலப்படும். அதற்குக் கணிப்பொறி இன்றியமையாதது.

இதற்கென எழுதப்பட்ட முதற் பெருநிரல் நாஸ்காப் என்பது. அமெரிக்க விண்வெளி நிறுவனமும் விமானப்படையும் 1970களின் பிற்பகுதியில் இதை எழுதுவித்தன. கோளின் மேற்பரப்பைச் சிறு சிறு முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்திற்கும் அது எப்பொருளால் ஆனது, அதற்கு அடியில் எந்தக் கடத்தி உள்ளது என்று குறிக்க வேண்டும். நிரல் ஒவ்வொரு முகத்திலும் விழும் எலெக்ட்ரான், அயனி மின்னோட்டங்களையும், வெளியேறும் இரண்டாம் நிலை எலெக்ட்ரான், ஒளி எலெக்ட்ரான் மின்னோட்டங்களையும், அடியிலுள்ள உலோகத்திற்குக் கசியும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து, சுமையின் மாற்றத்தைக் காண்கிறது. பின் சுற்றியுள்ள வெளியின் அழுத்தத்தைப் பாய்சான் சமன்பாட்டால் கணித்து, அதன் விளைவை மீண்டும் மின்னோட்டங்களில் புகுத்துகிறது. இவ்வாறு சிறு சிறு காலப் படிகளாக முன்னேறுகிறது. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. உடலின் அழுத்தம் வினாடியின் நூறில் ஒரு பங்கில் மாறுகிறது. காப்புப் பரப்பின் அழுத்தமோ நிமிடங்களில் மாறுகிறது. விரைவானதைப் பின்தொடர வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகப் படி வைத்தால், 70 நிமிட நிழலைக் கடக்க நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் தேவை. அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது ஆகாத காரியம். ஆகவே படியின் இறுதியிலுள்ள அழுத்தத்தையே அறியாத கணியமாக வைத்துத் தீர்க்கும் முறை கையாளப்பட்டது. இதனால் பெரிய படிகளிலும் கணக்கு நிலைகுலையாமல் சென்றது.

நிரலின் விடை சரியா என்பதை அறிய விண்ணில் ஒரு சோதனையும் நடத்தப்பட்டது. 1979 ஜனவரி 30இல் ஸ்காதா என்ற கோள் மின்னேற்றத்தை அளப்பதற்கென்றே ஏவப்பட்டது; அதன் அளவீடுகளோடு நாஸ்காபின் கணிப்புகள் ஒப்பிடப்பட்டன. கணிப்பொறிக் கணக்கை நம்புவதற்குமுன் அதற்கெனத் தனிக் கோள் ஒன்றை அனுப்பிய அந்நிதானம் பாராட்டத்தக்கது.

தாழ்ந்த பாதையில் நிலைமை வேறு. பிளாஸ்மாவில் ஒரு சுமையின் செல்வாக்கு எட்டும் தூரத்தை டிபை நீளம் என்பர். 36,000 கிலோமீட்டரில் அது பல நூறு மீட்டர். கோள் அதைவிட மிகச் சிறியது. இடையிலுள்ள துகள்களின் சுமையைப் புறக்கணித்துவிடலாம். தொலையுணர்வுக் கோளின் உயரத்திலோ அது சென்டிமீட்டர் அளவே. துகள்களின் சுமையைப் புறக்கணிக்க இயலாது. மேலும் கோள் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அயனிகள் அதைவிட மெதுவானவை, எலெக்ட்ரான்கள் மிக வேகமானவை. ஓடும் படகின் பின்னே நீர் விலகி நிற்பதுபோல் கோளின் பின்புறம் அயனிகள் அற்ற ஒரு வெறுமை தோன்றுகிறது. அந்நேரம் துருவ ஒளிப் பகுதியைக் கடந்தால் பின்புறம் எலெக்ட்ரான் வரவு மட்டுமே உண்டு. இத்தகைய நிலைகளுக்காகத் தனித்தனியே எழுதப்பட்ட நிரல்களை ஒன்று சேர்த்து நாஸ்காப்-2கே உருவாயிற்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் முயற்சியில் பிரான்ஸ் நாட்டில் வளர்ந்த ஸ்பிஸ் என்ற நிரலின் மூலம் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழக மாணவரும் அதைப் பெற்றுத் தம் மேசையில் இயக்கிப் பார்க்கலாம். மிடோரி-2 மடிந்தபின் ஜப்பானியர் எழுதிய நிரல் மஸ்கட். திராட்சையின் பெயரோ நகரத்தின் பெயரோ என்று மயங்க வேண்டா. அதுவும் இதே பணிக்குரியது.

இந்நிரல்களின் பயன் பெரும்பாலும் ஒரு வழக்கைத் தீர்ப்பதிலேயே வெளிப்படுகிறது. வெப்ப வல்லுநர், கோளின் உள்வெப்பத்தை வெளியேற்ற வெள்ளை வர்ணமும் கண்ணாடி ஓடுகளும் வேண்டுமென்பர். அவை மின்கடத்தாதவை. மின்னியல் வல்லுநர், வெளிப்பரப்பு முழுவதும் கடத்த வேண்டும், உடலோடு இணைந்திருக்க வேண்டும் என்பர். வானலை வல்லுநர், அலைவாங்கியின்மேல் உலோகப் பூச்சே கூடாது, அலை ஊடுருவாது என்பர். அலைவாங்கிக்கு ஜெர்மானியம் பூசிய காப்டன் தாள் ஒரு சமாதானம். அது வானலையை விடும், சுமையையும் மெல்லக் கசியவிடும். கண்ணாடிமீது இண்டியம்-வெள்ளீய ஆக்ஸைடைப் படலமாகப் பூசலாம். அதற்குச் செலவு அதிகம். எல்லா இடத்திலும் பூச வேண்டுமா, சில இடத்தில் விட்டுவிடலாமா? நிரல் காட்டும் அழுத்த வேறுபாடு சில நூறு வோல்ட்டுக்குள் அடங்கினால் விட்டுவிடலாம். ஆயிரத்தை நெருங்கினால் பூசியே ஆகவேண்டும்.

நிரல் சோதிடம் அன்று. கொடுத்த எண்ணுக்கு ஏற்ற விடையையே தரும். பொருள்களின் பட்டியலே இதில் பலவீனமான கண்ணி. புதிய காப்டன் தாளின் இரண்டாம் நிலை எலெக்ட்ரான் விகிதமும், பத்தாண்டுகள் கதிர்வீச்சில் நனைந்து, எரிபொருள் புகை படிந்த தாளின் விகிதமும் ஒன்றல்ல. ஆகவே புதுப் பொருளின் எண்ணைக் கொண்டு பெற்ற விடையைக் கோளின் வாழ்நாள் முழுதிற்கும் உரியதென்று கொள்வது தவறு. இருவகை எண்களைக் கொண்டும் இயக்கிப் பார்ப்பதும், அதற்கு முன் காகிதத்தில் ஒரு தோராயக் கணக்குப் போட்டு வைப்பதும் நல்ல வழக்கம். இரண்டும் பத்து மடங்கு மாறுபட்டால், பெரும்பாலும் ஒரு முகத்தின் இணைப்பைக் குறிக்க மறந்ததே காரணமாயிருக்கும்.

சூரியப் பலகைகளுக்கோ கணக்கு மட்டும் போதாது. சூரிய மின்கலத்தின் விளிம்பில் உலோகமும் காப்புப் பொருளும் வெற்றிடமும் சந்திக்கும் இடத்திலேயே பொறி பிறக்கிறது. பலகையின் சொந்த மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் அப்பொறி அணையாமல், பலகையின் மின்சாரத்தையே உண்டு நீடிக்கும். 1997இல் ஏவப்பட்ட டெம்போ-2 என்ற கோளின் பலகைகளில் இவ்வாறு நேர்ந்தது. எனவே பலகையின் சிறு துண்டை வெற்றிடக் கலத்தில் பிளாஸ்மாவிலும் எலெக்ட்ரான் கற்றையிலும் வைத்துப் பொறிகளை எண்ணிப் பார்க்கின்றனர். காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூர் மையத்தின் தேவைக்காக இத்தகைய சோதனைக் கலத்தை அமைத்தது. எவ்வழுத்தத்தில் பொறி தொடங்கும் என்பதைக் கலம் சொல்லும். விண்ணில் அவ்வழுத்தம் எட்டுமா என்பதை நிரல் சொல்லும்.

மேற்பரப்போடு இக்கதை நிற்பதில்லை. பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ளவை கோளின் அலுமினியச் சுவரையே ஊடுருவி, உள்ளே கம்பிகளின் உறையிலும் மின்சுற்றுப் பலகைகளிலும் தங்கிச் சேர்கின்றன. 1994 ஜனவரி 20இல் கனடாவின் அனிக் இ-1, இ-2 என்னும் இரு கோள்களும் சில மணி நேர இடைவெளியில் நிலைதடுமாறியது இதனாலேயே. ஒன்று அன்றே மீண்டது. மற்றதை மீட்கப் பல மாதங்களாயின. பத்து மணி நேரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடி எலெக்ட்ரான்களுக்கு மேல் ஓரிடத்தில் சேரலாகாது என்பது அமெரிக்கக் கையேடு வகுத்த வரம்பு. சுவரின் தடிப்பைக் கூட்டினால் வரவு குறையும், எடை கூடும். சுமை ஏறும் வேகத்தையும் கசியும் வேகத்தையும் பல நாட்களுக்குத் தொடர்ந்து கணிக்க வேறு வகை நிரல்கள் உள்ளன. குளிர்ந்த காப்புப் பொருளில் கசிவு மிகக் குறைவு என்பதால், இங்கும் வெப்ப வல்லுநரின் துணை வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்டு 2024 ஜனவரி 6இல் தன் பாதையை அடைந்த ஆதித்யா-எல்1 பூமியின் நிழலையே காணாதது. எந்நேரமும் வெயிலில் நிற்பது. சூரியக் காற்றின் எலெக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்தவை. அதனால் அதன் உடலில் ஏறக்கூடியது நேர் அழுத்தம், அதுவும் சில வோல்ட்டே. கலத்திற்கு இதனால் ஆபத்தில்லை. ஆயினும் அதிலுள்ள பாபா என்ற கருவி 10 எலெக்ட்ரான் வோல்ட் முதலான எலெக்ட்ரான்களை அளப்பது. நேர் அழுத்தமுள்ள கலம் வரும் எலெக்ட்ரான்களை இழுத்து அவற்றின் ஆற்றலைச் சில வோல்ட் கூட்டுகிறது. தன்னுடலிலிருந்து புறப்பட்ட ஒளி எலெக்ட்ரான்களையும் திரும்ப இழுத்து அவற்றோடு கலந்துவிடுகிறது. பதினைந்து வோல்ட்டென்று கருவி காட்டுவதில் ஐந்து கலத்தினுடையதாயின், சூரியனுக்கு உரியது பத்தே.